தமயந்தியின் சின்னக் கேள்விகள்

தமயந்தி போய்விட்டாள் என்பது வியாழக்கிழமை காலை கோர்ட்டில் வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. என் கேஸைக் கூப்பிடக் காத்துக்கொண்டிருந்தேன். குமாஸ்தா சுப்பையா அண்ணன் வாசலில் நின்று கையைக் காட்டி அழைத்தார். கோர்ட் நடக்கும்போது அப்படி அழைக்கிற ஆள் இல்லை அவர். வெளியே போனேன். "பசுமலையில இருந்து போன் வந்துச்சும்மா. தமயந்தியம்மா..." என்று ஆரம்பித்தவர் மீதியைச் சொல்லாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று வாரமாக மஞ்சள் காமாலை. போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, "அடுத்த வாய்தாவுக்கு வந்துருவேண்டி, நீ கேஸ் கட்ட மட்டும் எடுத்து வை" என்றாள். நாற்பது வயதுகூட முடியவில்லை. உள்ளே என் கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

சனிக்கிழமை வக்கீல்கள் கூடி இரங்கல் கூட்டம் நடத்தினோம். படத்துக்கு மாலை போட்டோம். நாலைந்து பேர் பேசினார்கள். அதில் ஒருவர், பெயர் வேண்டாம், இதைப் படிப்பார், நல்ல மனதோடுதான் சொன்னார்: "பாவம், கடைசிவரைக்கும் பயந்து பயந்தே தொழில் பாத்துட்டுப் போயிட்டாங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. இரண்டு நாளாக அதே நினைப்பு.

அவளைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமயந்தி பயந்தவள்தான். அதை நான் மறுக்கப்போவதில்லை, மறுத்தால் அவளே சிரிப்பாள். ஆனால் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்தாள் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. ஒருநாள் பிற்பகலில் இருபத்து மூன்று குடும்பங்களின் வீடு நிற்குமா விழுமா என்பது அவள் ஒருத்தியின் கையில் இருந்தது. அன்று நானும் கூட இருந்தேன். அன்று நடந்ததில் பாதிதான் ஊருக்குத் தெரியும். மீதிப் பாதி ஒன்பது வருடமாக என்னிடமே இருக்கிறது.

நானும் அவளும் ஒரே சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தோம். தல்லாகுளத்தில் அவருடைய வீட்டின் முன்னறைதான் ஆபீஸ். எழுபதுகளின் கடைசி அது. மதுரைக் கோர்ட்டில் அப்போது பெண் வக்கீல்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். என் அப்பா கலெக்டர் ஆபீஸில் தலைமை எழுத்தர். பேச்சுப் போட்டியில் நான் வாங்கிய கோப்பைகளை வரிசையாக அடுக்கி வைத்து, வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவார். தமயந்தியின் அப்பா பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் காவல்காரர். அவள் அங்கேயே படித்து மேலே வந்தவள். எனக்கு வாய் அதிகம், அவளுக்கு மூளை அதிகம். இதை இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

முதல் மாதம் அவள் செய்த ஒரு காரியம் இன்றுவரை கோர்ட்டில் சிரிப்புக் கதையாக ஓடுகிறது. எங்கள் கேஸுக்கு வாய்தா வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. எழுந்து நின்று ஒரு வரி சொன்னால் போதும். பெஞ்ச் கிளார்க் ஒரு நம்பரைப் படித்தார். இவள் விருட்டென்று எழுந்து, "வாய்தா வேணும் ஐயா" என்றாள். முன்சீப்பும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதினைந்து நாள் தள்ளி எழுதிவிட்டார். அது எங்கள் கேஸே இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரின் பாகப்பிரிவினை வழக்கு. இரண்டு தரப்பும் சாட்சிகளோடு உசிலம்பட்டியிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்கள். இரு பக்க வக்கீல்களும் ஒரே நேரத்தில் "ஐயா!" என்று கத்தினார்கள். அந்த வழக்கில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

வராந்தாவில் தண்ணீர் கொடுத்தேன். டம்ளர் அவள் பல்லில் பட்டு டக்டக்கென்று சத்தம் கேட்டது. அவள் முழங்கால் எப்போதும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து நான் ஒரு பெயர் வைத்தேன், 'தையல் மிஷின்' என்று. ஒரே வாரத்தில் கோர்ட் முழுக்கப் பரவிவிட்டது. டவாலி போட்ட கோர்ட் சேவகர் வரைக்கும் அப்படித்தான் சொன்னார். அந்தப் பெயரை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை.

மறுநாள் ஒன்பது மணிக்கே வந்து, காலியாகக் கிடந்த கோர்ட் ஹாலில் நின்றிருந்தாள். வக்கீல் நிற்கிற இடம், சாட்சி நிற்கிற இடம், கட்சிக்காரர் நிற்கிற மூலை என்று ஒவ்வொன்றாகப் போய் நின்று பார்த்தாள். என்னடி இது என்று கேட்டேன். "நேத்து என் நடுக்கத்த யாரும் பாத்துரக் கூடாதுன்னு அதுலயே இருந்துட்டேன் ராஜி. கிளார்க் என்ன நம்பர் படிச்சாருன்னு காதுல விழவே இல்ல. இனிமே மறைக்கப் போறதில்ல. நடுங்குனா நடுங்கிட்டுப் போகட்டும், காது எனக்கு வேணும்" என்றாள். நான் அதையும் ஒரு வேடிக்கைக் கதையாக்கி நாலு பேரிடம் சொன்னேன்.

அதன் பிறகு அவள் தொழில் பார்த்த விதமே தனி. கேஸ் இருக்கிற நாளில் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வயிறு பிசையும். அதனால் நடப்பாள். கோர்ட் வளாகத்தை ஐந்து சுற்று, ஆறு சுற்று நடந்துவிட்டு, வாசலில் இருந்த டீக்கடைக்காரம்மாவிடம் போய்க் கேஸை முழுக்கச் சொல்வாள். அந்தம்மா ஆற்றுகிற டீயைக் கீழே வைத்துவிட்டு, "அதெப்படித்தா, புரியலயே" என்று எந்த இடத்தில் கேட்கிறதோ, அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொள்வாள். முன்சீப்பும் அங்கேதான் கேட்பார் என்பாள். பெரும்பாலும் அங்கேதான் கேட்டார்.

குறுக்கு விசாரணையில் அவள் கேள்விகள் நாலைந்து வார்த்தையைத் தாண்டாது. சீனியர் ஒருமுறை, "எங்கம்மா பழகுன இதை?" என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டார். "பழகல சார். எழுந்து நின்னா எனக்கு மூச்சு சின்னதாயிருது. அதுக்குள்ள முடியற மாதிரி கேள்வியச் சின்னதாக்கிக்கிட்டேன்" என்றாள். சீனியர் வெகுநேரம் சிரித்தார். என் கேள்விகளோ ரயில் மாதிரி நீளும். நடுவில் யாராவது இறங்கிக்கொள்ளலாம்.

இனி அந்த வழக்குக்கு வருகிறேன். வரத்தான் எனக்கும் பயமாக இருக்கிறது.

அவனியாபுரத்துக்குத் தெற்கே, கண்மாய்க் கரையை ஒட்டி ஒரு பண்ணையாரின் நிலம். அந்தக் கரையோரம் இருபத்து மூன்று குடிசைகள். எல்லோரும் அந்தப் பண்ணையிலேயே தலைமுறையாக நட்டு, களையெடுத்து, அறுத்தவர்கள். பண்ணையார் அந்த இடத்தை விற்க முடிவு செய்ததும் அவர்களைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டார். எழுபத்தொன்றில் வந்த சட்டப்படி, அதற்கு முன்பிருந்தே ஒரு மனையில் குடியிருக்கும் விவசாயக் கூலிகளை அங்கிருந்து வெளியேற்ற முடியாது. எங்கள் கட்சிக்காரர்கள் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே அங்கே இருந்தார்கள். ஆனால் நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ரேஷன் கார்டுகூட எழுபத்தாறில்தான் கொடுத்திருந்தார்கள். பண்ணையார் தரப்பு அதையே பிடித்துக்கொண்டது. இவர்கள் மூன்று வருடம் முன்பு செங்கல் சூளை வேலைக்கு வந்தவர்கள், விவசாயக் கூலிகளே இல்லை என்றது.

தற்காலிகத் தடை ஒரு வாரம்தான் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமையோடு அது முடிகிறது. அன்று பண்ணை வீட்டுக் காரியஸ்தரை நாங்கள் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். அதில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மறுநாள் காலையில் கோர்ட் அமீனா போலீசோடு போய்க் குடிசைகளைப் பிரித்துவிடுவார். சீனியருக்கு அதே நாளில் சென்னை ஹைகோர்ட்டில் தள்ள முடியாத வழக்கு. "ராஜம், நீ கேளு. தமயந்தி பக்கத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை ரயில் ஏறிவிட்டார். என்னைத்தானே சொன்னார் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று எனக்குப் பயமே இல்லை.

வியாழக்கிழமை மாலை தமயந்தி வீட்டுக்குப் போகவில்லை. "உக்காந்தா பைத்தியம் பிடிச்சுரும், நான் கம்மாக்கரைக்குப் போறேன்" என்று பஸ் ஏறிவிட்டாள். கருப்பன் என்று அறுபது வயதுக்காரர், அந்தக் குடியிருப்புக்குப் பெரியவர், அவரோடு இருட்டுகிறவரை கரையைச் சுற்றிச் சுற்றி நடந்திருக்கிறாள். மறுநாள் காலை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினாள். பொடி எழுத்தில் என்னென்னவோ எழுதியிருந்தது. நடுவில் ஒரு வரி: 'பெரிய பண்ணையார் சாவு, கேதம் சொல்லப் போனது கருப்பன்.' அந்தப் பண்ணையாரின் அப்பாவைத்தான் பெரிய பண்ணையார் என்பார்கள். கேதம் சொல்வது மதுரைப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். பெரிய வீட்டில் சாவு விழுந்தால் பண்ணைக்கூலிகள்தான் ஊர் ஊராக நடந்து போய் உறவுக்காரர்களுக்குச் செய்தி சொல்ல வேண்டும். மாட்டேன் என்று சொல்ல முடியாத வேலை அது. நான் தாளை மடித்துக் கட்டுக்குள் செருகினேன். "இழவுக் கதையெல்லாம் கோர்ட்டுக்கு எதுக்குடி?" என்றேன்.

காரியஸ்தர் கூண்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டை விபூதி, அசையாத முகம். நான் எழுந்தேன். முக்கால் மணி நேரம் கேட்டேன். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைத்தேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வக்கீல்கள்கூடக் கவனித்துக் கேட்டார்கள். அந்தத் தெம்பில், குறுக்கு விசாரணையில் கேட்கவே கூடாத ஒரு கேள்வியைக் கேட்டேன். பதில் தெரியாத கேள்வி. "மூன்று வருடமாகத்தான் இவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்கிறீர்களே, அப்படியானால் இவர்களை அங்கே கொண்டுவந்து குடிவைத்தது யார், எதற்காக, எந்த ஊரிலிருந்து என்று உங்களால் சொல்ல முடியுமா?" என்று கையை நீட்டிக் கேட்டேன்.

அவர் அதற்காகவே காத்திருந்தவர்போலச் சொன்னார். "நாந்தாங்க ஐயா கூட்டியாந்தேன். திருமங்கலத்துப் பக்கத்துல இருந்து, சூளை வேலைக்கு. எழுபத்தாறு ஆடி மாசம். லாரியில ஏத்தி நானே கொண்டாந்து எறக்குனேன்." முன்சீப் ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எதிர்த் தரப்பு வக்கீல் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதுவரை பொத்தாம்பொதுவாக இருந்த பொய்க்கு மாதமும் லாரியும் கொடுத்தது நான். கருப்பன் ஹாலின் பின்னால் சுவரோரம் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்தார். எனக்கு உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது அப்போதுதான். சாப்பாட்டு வேளைக்குக் கோர்ட் கலைந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் அந்தக் குடியிருப்பிலிருந்து வந்த பெண்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தூக்குச்சட்டியைத் திறக்காமல் வைத்திருந்தார்கள். வராந்தாவில் அமீனா உத்தரவுத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். நாளைக் காலை எத்தனை ஆள், எத்தனை கடப்பாரை என்ற பேச்சு என் காதில் விழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "கெடுத்துட்டேண்டி, எல்லாத்தையும் கெடுத்துட்டேன், இனிமே என்னால முடியாது" என்றேன். தமயந்தி என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அதற்கு அவளுக்கு நேரம் இல்லை. அவள் முகம் வெளுத்து, மேலுதடு துடித்துக்கொண்டிருந்தது. "கட்டக் குடு. மத்தியானம் நான் கேக்குறேன்" என்றாள்.

கொடுத்தேன். நேராகக் கருப்பனிடம் போனாள். நானும் பின்னால் போனேன். "ஐயா, நேத்து சொன்னீகள்ல, பெரியவர் செத்தப்ப கேதம் சொல்லப் போனது. அத இன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி கேக்கணும். உங்களுக்குச் சங்கடமா இருந்தா கேக்கல" என்றாள்.

கருப்பன் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். அவருடைய பேரன், கல்லூரியில் படிக்கிற பையன், அங்கேதான் நின்றான். "அது தெரியாமத்தான் இவன வளத்துருக்கோம் தாயி" என்றார். பிறகு மரத்தடியில் இருந்த பெண்களைப் பார்த்தார். "வீடு நிக்குமா?"

"தெரியலங்கய்யா. எனக்கே பயமாத்தான் இருக்கு" என்றாள் தமயந்தி.

நானாக இருந்தால் நிச்சயம் நிற்கும் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். கருப்பன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டைப் பிடித்திருந்த கை ஆடிக்கொண்டிருந்ததையும் பார்த்தார். "ஒனக்கும் எங்க மாதிரிதான் இருக்கு போல. கேளு தாயி" என்றார். அவள் சாப்பிடாமல் வளாகத்தைச் சுற்றி நடக்கப் போய்விட்டாள். எத்தனை சுற்று என்று நான் எண்ணவில்லை.

இரண்டு மணிக்குக் கோர்ட் கூடியது. மீதிக் கேள்விகளைத் தான் கேட்பதாகச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு தமயந்தி எழுந்தாள். கையில் இருந்த தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. முன் வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். 'தையல் மிஷின்' என்று மெதுவாக ஒரு குரலும் கேட்டது. அவள் முன்சீப்பைப் பார்த்து, "ஐயா, எனக்குக் கை நடுங்குது. பேப்பரக் கீழ வெச்சுட்டுக் கேட்டுக்கிறேன்" என்றாள். முன்சீப் பேனாவை எடுத்துக்கொண்டு தலையை அசைத்தார். அவள் தாளை மேஜையில் வைத்தாள். இனி அவள் பார்ப்பதற்கு அந்தக் காரியஸ்தர் முகம் ஒன்றுதான் இருந்தது.

காரியஸ்தர் காலையில் இருந்ததைவிட இளக்கமாக நின்றார். நடுங்குகிற ஒரு பெண்பிள்ளையிடம் அவருக்கு என்ன பயம்? கூண்டின் கட்டையில் முழங்கையைக்கூட ஊன்றிக்கொண்டார்.

"பெரிய பண்ணையார் எப்ப இறந்தாங்க?"

"அறுபத்தெட்டு. தை மாசம்."

"பெரிய சாவா?"

அவர் நிமிர்ந்தார். "அந்த மாதிரிச் சாவு இந்தச் சுத்துப்பட்டுல நடந்ததே இல்லங்க. பதினெட்டு ஊர்ச் சனம் வந்துச்சு."

"பதினெட்டு ஊருக்கும் கேதம் போச்சா?"

"ஒரு ஊரு விடல."

"எப்ப போச்சு?"

"விடியக்காலம் உசுரு போச்சு. பொழுது கெளம்புறதுக்குள்ள ஆளு போயாச்சு. எங்க பண்ணையில எல்லாம் ஒழுங்கா நடக்கும்."

தமயந்திக்கு மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் வேறு யாராக இருந்தாலும் அவசரப்பட்டிருப்பார்கள். நான் நிச்சயம் அவசரப்பட்டிருப்பேன். மேஜைக்கு அடியில் அவள் முழங்கால் அடித்துக்கொண்டது பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்பதற்கு முன் அவளுக்கு ஒரு மூச்சு வேண்டும், அதற்காகக் காத்திருந்தாள். காரியஸ்தரோ அந்த அமைதியில் இன்னும் ஏதாவது பெருமை சொல்லலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்புட்டு சீக்கிரம் ஆள் கிடைச்சாங்களா?"

"கெடைக்காம? கம்மாக்கரைப் பக்கம் திரும்பி ஒரு கொரல் குடுத்தா கருப்பனும் அவன் பங்காளிகளும் ஓடியாந்துருவாங்கள்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே கேட்டது. முழங்கையைக் கட்டையிலிருந்து எடுத்துக்கொண்டார். எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார், ஏதோ சொன்னார், உட்கார்ந்தார். முன்சீப் எழுதி முடித்துவிட்டு, அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டி, "இதானே சொன்னீங்க?" என்று கேட்டார். "அது... அப்பப்ப வந்து போவாங்க ஐயா" என்றார் காரியஸ்தர்.

"எங்கிருந்து வந்து போவாங்க?" என்றாள் தமயந்தி.

அவர் தன் பக்க வக்கீலைத் திரும்பிப் பார்த்தார். "அவ்வளவுதான் ஐயா" என்று தமயந்தி உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கு முடிகிறவரை குடிசைகளைத் தொடக் கூடாது என்று முன்சீப் அன்று மாலையே உத்தரவு போட்டார். வழக்கு மூன்று வருடம் நடந்தது. கடைசியில் இருபத்து மூன்று குடும்பங்களுக்கும் அந்த மனை அவர்கள் பெயருக்கே வந்தது. அறுபத்தெட்டிலேயே அவர்கள் அந்தக் கரையில் இருந்தார்கள் என்பதற்கு அந்தக் காரியஸ்தரின் ஒரு வரிதான் கடைசிவரை சாட்சியாக நின்றது.

வெளியே வந்ததும் பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். தமயந்தி மட்டும் வராந்தாப் படியில் உட்கார்ந்து கோர்ட்டுக்குள் இருந்ததைவிட மோசமாக நடுங்கிக்கொண்டிருந்தாள். "ஜெயிச்சாச்சேடி, இன்னும் என்ன?" என்றேன். "அந்த ஆளு 'கொரல் குடுத்தா ஓடியாந்துருவாங்க'ன்னு சொன்னப்ப நீ கருப்பனப் பாக்கல, நான் பாத்தேன்" என்றாள். அந்த நேரத்தில் கருப்பனே அங்கே வந்தார். அவள் எழுந்து நின்று ஏதோ சொல்லப் பார்த்தாள். அவர்தான் பேசினார். "எம்பேரன் கேட்டுட்டான் தாயி. கேக்கட்டும். வீட்ல உக்காந்துதான இனி எங்கிட்டச் சண்ட போடுவான், போடட்டும்." சொல்லிவிட்டு மரத்தடிக்குப் போய்விட்டார். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திங்கட்கிழமை சீனியர் சென்னையிலிருந்து வந்தார். கோர்ட்டில் நடந்தது அரைகுறையாக அவர் காதுக்குப் போயிருந்தது. ஆபீசுக்குள் நுழைந்ததுமே, "யாரும்மா அந்தப் பதில வாங்கினது?" என்று கேட்டார். நான் தமயந்தியைப் பார்த்தேன். தமயந்தி கட்டுகளை அடுக்கிக்கொண்டே, "ரெண்டு பேரும் சேந்துதான் சார் கேட்டோம். காலைல ராஜி அவர நல்லாப் பேசவிட்டா. மத்தியானம் நான் முடிச்சேன்" என்றாள். சீனியர் என் தோளைத் தட்டினார். நான் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். வாய் உள்ளவள் நான்தானே? சொல்லச் சொல்ல அந்தக் கதை மாறியது. கண்மாய்க் கரை வழக்கில் சாட்சியை உடைத்தது ராஜம் என்று ஒரு வருடத்துக்குள் கோர்ட்டே பேசியது. நானாக அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. இல்லை என்றும் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தப் பேரை வைத்துத்தான் எனக்குக் கட்சிக்காரர்கள் வந்தார்கள், தனியாக போர்டு மாட்டினேன். தமயந்தி சீனியரின் முன்னறையிலேயே இருந்தாள், பயந்தாங்கொள்ளி என்ற பேரோடு. ஒருமுறை துணிந்து, "ஏண்டி அன்னைக்கு அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். "நீ அன்னைக்குச் செவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னதுலயே பாதி செத்துட்ட. மீதியையும் நான் எதுக்குக் கொல்லணும்?" என்று சொல்லிவிட்டு நடக்கப் போய்விட்டாள். அவளுக்கு அன்று கேஸ் இருந்தது.

அதனால் கேளுங்கள். அந்த வெள்ளிக்கிழமை காலையில் அந்த வழக்கைக் கெடுத்தது நான். பிற்பகலில் காப்பாற்றியது தமயந்தி. இருவரும் சேர்ந்து அல்ல, அவள் ஒருத்தி. பயமே இல்லாமல் நின்ற நான் அந்த வீடுகளைக் கிட்டத்தட்ட இடித்துவிட்டேன். நடுங்கிக்கொண்டு நின்றவள் அவற்றை நிறுத்தினாள். சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டியது இது. தலையை ஆட்டிவிட்டு வந்ததற்கு அவளிடம்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், அவள் இல்லை.

இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கு நீங்கள் என்னைப் பார்க்கிற பார்வை மாறும். கட்சிக்காரர்கள் சிலர் போவார்கள். சீனியர் இதைப் படிப்பார். எழுத்து கோணிக்கொண்டு போகிறது, இரண்டு தடவை எழுந்து நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். எனக்காக அவள் சொன்ன ஒரே பொய்யை இத்தனை வருடம் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன், அதை இன்று உங்கள் முன்னால் கீழே வைத்துவிட்டேன். அவளுடைய பயத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன்.